மணல் ஏற்றத்தில் பேட்டரி லோடு வண்டி வழுக்காமல் ஏற: முழுமையான வழிகாட்டி

தேரி மணலில், அதாவது செம்மணல் மேடுகளில், பேட்டரி லோடு வண்டி ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் முருங்கைத் தோட்டம் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி ஓரத்தில் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து முதலில் கொஞ்சம் சரளை, அப்புறம் சுமார் அறுபது மீட்டர் செம்மணல் ஏற்றம். வண்டி சாதாரண மூன்று சக்கர வண்டிதான்: 48 வோல்ட், நான்கு லெட் ஆசிட் பேட்டரி, பின் அச்சில் டிஃபரன்ஷியலோடு (மோட்டார் விசையை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு) ஒரு மோட்டார். புதிதாக வாங்கியவர்கள் பலர் இந்த ஏற்றத்தில் மாட்டிக்கொண்டதும் சொல்வது ஒன்றேதான்: “அண்ணாச்சி, மோட்டாரு பத்தல, பெருசா மாத்திருவோம்.” பெரிய மோட்டார் போட்டால் அதே குழியை இன்னும் வேகமாகத் தோண்டும், அவ்வளவுதான். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். காசு செலவாகாத வேலைகள் முன்னால், செலவு வைக்கிறவை கடைசியில்.

1. கையில் இருக்க வேண்டியவை

காற்று அளக்கும் கேஜ், கால் பம்பு அல்லது 12 வோல்ட் பம்பு, சாக்பீஸ், அளவு நாடா, ஒரு மீட்டர் நீளப் பலகை, ரசமட்டம், மண்வெட்டி, நாலைந்து பனை ஓலை அல்லது பழைய சாக்கு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஆப்பு வடிவில் அறுத்த இரண்டு மரக்கட்டைகள். கல் வேண்டாம், மணலில் கல் புதைந்துவிடும், சக்கரம் அதன் மேலேயே ஏறி இறங்கிவிடும். கட்டைக்கு ஒரு கயிறு கட்டி வைத்தால் வண்டி நகர்ந்ததும் இழுத்துக்கொள்ளலாம்.

பம்பு இல்லாமல் தொடங்காதீர்கள். காற்றை இறக்குவது சுலபம், திரும்ப ஏற்ற வழியில்லாமல் காற்றுக் குறைந்த டயரோடு ரோட்டில் பஞ்சர் கடை வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. ஏறுவதற்கு முன் நிற்குமா என்று பாருங்கள்

வண்டி ஏறாமல் போனால் அடுத்து நடப்பது பின்னால் உருளுவது. அதனால் முதல் வேலை பிரேக். பாதிப் பாரத்தோடு ஏற்றத்தின் அடியில், இரண்டு மீட்டர் மட்டும் ஏறி நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டுவிட்டுக் கால் பிரேக்கை விடுங்கள். ஒரு நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். நகர்ந்தால் கேபிளை இறுக்கி, டிரம்மைக் கழற்றி மணலைத் துடைத்து, ஷூ தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

வண்டி ஏறும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது, தள்ளவும் கூடாது. கூட வருகிறவர் பக்கவாட்டில், கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வரட்டும். இதை யாரும் கேட்பதில்லை, ஒரு தடவை வண்டி பின்னால் வந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

3. வழுக்குகிறதா, திணறுகிறதா?

இரண்டும் வேறு வேறு நோய். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்றால் மண் பிடிக்கவில்லை. சக்கரமே சுற்றவில்லை, மோட்டார் முனகுகிறது என்றால் பலம் போதவில்லை. இரண்டாவதற்குப் பாதி சமயம் காரணம் பேட்டரிதான். 48 வோல்ட் லெட் ஆசிட் செட்டில் பாரம் இழுக்கும்போது வோல்ட் இறங்கும், 42-ஐ ஒட்டி வந்தால் பெரும்பாலான கண்ட்ரோலர்கள் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மோட்டாரை நிறுத்திவிடும். சமதளத்தில் நன்றாக ஓடிய வண்டி நடு ஏற்றத்தில் செத்துப்போவது இதனால்தான். சார்ஜ் பாதிக்குக் கீழே போன பிறகு பாரத்தோடு ஏற்றம் வேண்டாம்.

மண் பிடிக்காததுதான் பிரச்சினை என்றால் எவ்வளவு என்று அளந்துவிடலாம். பின் சக்கரம் இரண்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். முதலில் தார் ரோட்டில், அதே பாரத்தோடு, சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். எனக்கு 15.5 மீட்டர் வந்தது. அப்புறம் மணல் ஏற்றத்தில் அதே பத்துச் சுற்று. முதல் நாள் 12 மீட்டர்தான் போனது, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகச் சுற்றுகிறது.

ஏன் இரண்டு சக்கரத்திலும் கோடு? டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் பிடிமானம் போய்விட்டால் அந்தப் பக்கம் வெறுமனே சுற்றும், மறுபக்கம் சும்மா நிற்கும். ஒன்று மட்டும் அதிகமாகச் சுற்றினால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அல்லது பாதை சாய்வாக இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி வழுக்கினால் காற்றையும் மண்ணையும் பாருங்கள். இந்த ஒரு சோதனை செய்யாமல் டயர் மாற்றியவர்கள்தான் அதிகம்.

4. ஏற்றத்தை அளந்து கணக்குப் போடுங்கள்

ஒரு மீட்டர் பலகையை ஏற்றத்தில் நீளவாக்கில் வையுங்கள். கீழ் முனையைத் தூக்கி ரசமட்டம் நேராகும்போது நிறுத்தி, அந்த முனையில் தரைக்கும் பலகைக்கும் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். 10 சென்டிமீட்டர் என்றால் 10 சதவீத ஏற்றம். நாலைந்து இடத்தில் அளங்கள், ஏற்றம் ஒரே சீராக இருக்காது, மாட்டிக்கொள்வது எப்போதும் அந்த ஒரு செங்குத்தான இடத்தில்தான்.

தோராயக் கணக்கு: வண்டி, ஆள், பாரம் எல்லாம் சேர்த்து 500 கிலோ. 10 சதவீத ஏற்றத்துக்கு 50 கிலோ இழுவை வேண்டும். அதற்கு மேல் மணல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், இளகிய மணலில் அது எடையில் 15 சதவீதம் என்று வைத்தால் 75 கிலோ. மொத்தம் 125. பின் சக்கரங்களின் மேல் 350 கிலோ இருந்து, காய்ந்த மணல் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடித்துக்கொடுக்கிறது என்றால் கிடைப்பது 117. ஏறாது! ஆனால் எவ்வளவு கொஞ்சத்தில் தவறுகிறது பாருங்கள். மணல் இழுப்பதைக் கொஞ்சம் குறைத்து, பிடிமானத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், புது மோட்டார் எதற்கு?

5. பாரத்தை எங்கே வைப்பது

பின் சக்கரம்தான் இழுக்கிறது, அதனால் எடை பின்னால் இருந்தால் நல்லது என்று எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். அப்புறம் அதை அளவு மீறிச் செய்துவிடுகிறார்கள். மூட்டையைப் பின் கதவு ஓரமாக அடுக்கினால் ஏற்றத்தில் முன் சக்கரம் மணலைத் தொட்டும் தொடாமலும் மிதக்கும், ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பாரத்தின் நடு, பின் அச்சுக்குச் சற்று முன்னால் வரட்டும். சமதளத்தில் பாரத்தோடு நிறுத்தி, ஒரு ஆள் முன்பக்கத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சுலபமாகத் தூக்க முடிந்தால் இரண்டு மூட்டையை முன்னால் நகர்த்துங்கள்.

உயரமும் முக்கியம். கனமானது அடியில், முருங்கைக்காய்க் கட்டு மாதிரி லேசானது மேலே. மூன்று சக்கர வண்டி கவிழ்வது பெரும்பாலும் முன் சக்கரத்துக்கும் ஒரு பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள சாய்வுக் கோட்டின் மேல்தான், எடை உயர உயர அந்தக் கோட்டைத் தாண்டுவது சுலபம். தண்ணீர்க் கேன்கள் பாதி நிரம்பியிருந்தால் உள்ளே தண்ணீர் அலைந்து எடையை அங்கும் இங்கும் மாற்றும், ஒன்று நிறைத்துக் கொண்டு போங்கள், இல்லை காலியாக.

இ-கார்ட் (பேட்டரியில் ஓடும் சிறிய சரக்கு வண்டி) வகைக்கு விதிப்படி சரக்கு 310 கிலோ. அதைத் தாண்டி ஏற்றிவிட்டு டயரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு நடையாகப் போனால் எவ்வளவு நேரம் கூடுகிறது? எனக்குப் பதினைந்து நிமிஷம். மாட்டிக்கொண்டால் போவது அரை நாள்.

முன் சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் (ஹப் மோட்டார்) உள்ள மூன்று சக்கர சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழ். ஏற்றத்தில் எடை தானாகவே பின்னால் போய்விடும், இழுக்கிற சக்கரம் லேசாகிவிடும். பாரத்தை முன் கூடைக்கு மாற்றி, உடம்பை முன்னால் சாய்த்துப் பாருங்கள். அதற்கும் மேல் மணல் ஏற்றம் அந்த வண்டிக்கான வேலை இல்லை.

6. காற்றைக் குறைப்பது

அதிகப் பலன் தருவது இதுதான், அதிகம் தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். காற்றுக் குறைந்தால் டயர் நீளவாக்கில் தட்டையாகிறது, எடை அதிக இடத்தில் பரவுகிறது, மணலில் குறைவாகப் புதைகிறது. ஆகவே இழுக்கும் பிடியும் கூடும், மணல் தடுப்பதும் குறையும். மேலே போட்ட கணக்கில் இரண்டு பக்கமும் ஒரே வேலையில் நமக்குச் சாதகமாகிறது.

முதலில் டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவையும் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவையும் பாருங்கள். ரோட்டுக்கு உள்ள அளவிலிருந்து கால் பங்கு குறைத்துத் தொடங்குங்கள். நான் ரோட்டில் 36 பவுண்டு வைக்கிறேன், மணலுக்கு 27, அதற்கும் ஏறாத நாளில் 24. அதற்குக் கீழே பாரத்தோடு போவதில்லை.

காரணம் இருக்கிறது. டியூப் டயரில் காற்று ரொம்பக் குறைந்தால் ரிம் சுற்றும், டயர் கொஞ்சம் பின்தங்கும், டியூபையும் கூடவே இழுத்து வால்வை அடியோடு பிய்த்துவிடும். ரிம்மிலிருந்து டயர் வரை குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு போட்டு வையுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் டயர் நழுவுகிறது, உடனே காற்றைக் கூட்டுங்கள். வால்வு சாய்ந்து நின்றாலும் அதே அர்த்தம்.

பின் சக்கரத்தில் மட்டும் குறைத்துவிட்டு முன்னதை மறந்துவிடுகிறார்கள். முன் சக்கரம் இழுப்பதில்லைதான், ஆனால் அது ஒல்லியாக, இறுக்கமாக இருந்தால் கலப்பை மாதிரி மணலை உழுதுகொண்டே போகும், அந்த உழவுக்கும் சேர்த்துப் பின் சக்கரம் இழுக்க வேண்டும். முன்னாலும் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இறக்குங்கள். பின் சக்கரம் இரண்டிலும் அளவு ஒன்றாக இருக்கட்டும், கையால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கேஜ் வையுங்கள்.

இன்னொன்று, உடைமுள். நம் பக்கத்தில் அது இல்லாத பாதை கிடையாது. காற்றுக் குறைந்த டயர் அதிக இடத்தில் பதிவதால் முள்ளும் அதிகம் மாட்டும். காற்றைக் குறைப்பதற்கு முன் பாதையை ஒரு தடவை நடந்து பாருங்கள்.

7. பாதையைச் சரிசெய்வது

இதில் ஒரு விஷயம் மூன்று சக்கரத்துக்கே உரியது. டிராக்டரும் காரும் போன பாதையில் இரண்டு தடம் இருக்கும், நடுவில் இளகிய மணல் மேடாகக் குவிந்திருக்கும். உங்கள் பின் சக்கரம் தடத்தில் ஓடினாலும் முன் சக்கரம் அந்த நடு மேட்டில்தான் ஓட வேண்டும். அதாவது நமக்கு வேண்டியது மூன்று தடம். முதல் வேலையாக மண்வெட்டியால் நடு மேட்டை வழித்து எடுங்கள். நாங்கள் டயர், கண்ட்ரோலர் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில் என் மாமா ஒரு மண்வெட்டியோடு போய் அரை மணி நேரத்தில் இதைச் செய்தார், அன்றைக்கே வண்டி ஏறியது.

அடுத்து சாய்வு. ஏற்றம் செங்குத்தாக இருக்கிறதே என்று குறுக்கே வளைந்து வளைந்து ஏறத் தோன்றும். மாட்டு வண்டிக்குச் சரி. மூன்று சக்கரத்தில் குறுக்கே போனால் மேல்பக்கச் சக்கரத்தின் எடை குறையும், அது வெறுமனே சுற்றும், கீழ்ப்பக்கச் சக்கரம் புதையும், மெதுவாக வண்டி கவிழப் பார்க்கும். நேராக ஏறுங்கள். முடியாத அளவு செங்குத்து என்றால் குறுக்குப் பாதையை மேல்பக்கம் வெட்டிக் கீழ்ப்பக்கம் நிரப்பி, பலகை வைத்து இடவலம் சமமாக்கிவிட்டுப் போங்கள்.

நிரந்தரமாக வேண்டும் என்றால் கரம்பை, அதாவது குளத்து அடியில் கிடக்கும் களி வண்டல். தேரி மண்ணில் களி ரொம்பக் குறைவு, அதனால்தான் ஒட்டுவதில்லை. குளத்துக் கரம்பையை மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு என்று கலந்து, பத்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஈரம் பாதி காய்ந்ததும் வெறும் வண்டியை மேலும் கீழும் ஓட்டி இறுக்குங்கள். கரம்பையை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். களி கூடினால் மழையில் சோப்பு போட்ட மாதிரி வழுக்கும், மணலே தேவலை என்று ஆகிவிடும். முழுப் பாதைக்கும் போட வேண்டியதில்லை, அளந்து வைத்த அந்தச் செங்குத்தான இடத்துக்கும் அதற்கு முன்னால் பத்து மீட்டருக்கும் போதும்.

சரளைப் பகுதியில் கதை வேறு. அங்கே மழைத் தண்ணீர் பொடி மண்ணை அடித்துக்கொண்டு போய், உருண்டைக் கல்லை மட்டும் கோலிக்குண்டு மாதிரி மேலே விட்டுவிடும். உருண்டைகளை வாரிவிட்டு, ஏற்றத்துக்குக் குறுக்கே சாய்வாக ஒரு சாண் அகல வாய்க்கால் ஒன்றிரண்டு வெட்டித் தண்ணீரைப் பக்கத்தில் இறக்கிவிடுங்கள். வாய்க்கால் ஆழமாக இருந்தால் முன் சக்கரம் அதில் மாட்டும், தட்டுப் போல ஆழமில்லாமல் இருக்கட்டும்.

நேரமும் பாருங்கள். மழை பெய்த மறுநாள் தேரி மணல் இறுகிக் கிடக்கும், அதிகாலை ஈரத்திலும் பரவாயில்லை. மத்தியானம் காய்ந்த பிறகு அதே பாதை வேறு பாதை. கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) அடிக்கும் மாதங்களில் நேற்று வழித்த தடம் இன்றைக்கு மூடியிருக்கும், புலம்பாமல் மண்வெட்டியை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

8. ஓட்டும் கை

இறுகிய தரையிலேயே வேகம் எடுத்துவிடுங்கள், நடக்கும் வேகத்தை விடச் சற்று அதிகம் போதும். மணலுக்குள் நுழைந்த பிறகு ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் பிடியுங்கள். இந்த மோட்டார்கள் நின்ற நிலையிலேயே முழு முறுக்கையும் கொடுக்கக் கூடியவை, பெட்ரோல் ஆட்டோ ஓட்டிப் பழகிய கை சட்டென்று திருகிவிடும், சக்கரம் மேல் மணலைப் பிய்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும். கைப்பிடியில் மூன்றில் ஒரு பங்குத் திருகலுக்கு நேராக ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், பழகும் வரை அதைத் தாண்ட வேண்டாம்.

மோட்டார் சத்தம் திடீரென்று உயர்ந்தால் சக்கரம் வழுக்குகிறது. அப்போது திருகாதீர்கள், கொஞ்சம் விடுங்கள். இது மனதுக்கு எதிரான வேலை, இரண்டு மூன்று நாள் ஆகும். ஹேண்டிலை நேராக வையுங்கள், இட வலமாக ஆட்டினால் முன் சக்கரம் இன்னும் மணலை வாரும். லோ கியர் உள்ள வண்டியானால் அடியிலேயே போட்டுவிடுங்கள், நடுவில் மாற்றினால் வேகம் போய்விடும்.

9. புதைந்துவிட்டால்

முதல் முறை சக்கரம் சுற்றி வண்டி நின்றதும் நிறுத்துங்கள். இன்னும் ஒரு தடவை பார்ப்போமே என்ற அந்த ஒரு தடவையில்தான் அச்சு மணலில் உட்காரும், உட்கார்ந்த பிறகு பாரம் முழுவதையும் இறக்காமல் வழியில்லை.

பின் சக்கரத்துக்குக் கட்டையை வைத்து, கை பிரேக் போட்டு, இறங்குங்கள். மேலே போக முயலாதீர்கள், வந்த தடத்திலேயே கீழே இறங்குவதுதான் சுலபம், ஏற்கனவே அமுங்கிய தடம் அது. மூன்று சக்கரத்துக்கும் பின்னால் உள்ள மணலைச் சரிவாக வழித்து, பின் சக்கரங்களுக்குப் பின்னால் பனை ஓலையை ஒட்டிப் போட்டு, கட்டையை எடுத்து, பிரேக்கை மெதுவாக விட்டு நேராக இறங்குங்கள். பின்னோக்கி இறங்கும்போது ஹேண்டில் வளைந்தால் வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

மேலேதான் போக வேண்டும், இன்னும் ஐந்து மீட்டர்தான் என்றால் பாரத்தை இறக்குங்கள். டயரைச் சுற்றிக் கயிறு கட்டும் பழைய வழியும் உண்டு: சக்கரத் தட்டின் ஓட்டைகள் வழியாகக் கனத்த தேங்காய்நார்க் கயிற்றை நாலைந்து இடத்தில் சுற்றி முடிச்சுப் போடுவது. பிடிக்கும். ஆனால் முதலில் கையால் சக்கரத்தைச் சுற்றி, முடிச்சு மட்கார்டிலோ பிரேக் கேபிளிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். சரளைக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

10. டயர் மாற்றுவது

மேலே சொன்னதெல்லாம் செய்து, பத்துச் சுற்றுச் சோதனையை மறுபடி செய்து, அப்போதும் போதாவிட்டால் டயருக்குப் போகலாம். மணலுக்கு அகலம் முக்கியம், ஆழமான பட்டன் (டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகள்) அல்ல. பெரிய பட்டன் டயர் சரளையிலும் ஈரக் களியிலும் நன்றாகக் கவ்வும், காய்ந்த மணலில் வாளி மாதிரி அள்ளித் தோண்டும். உங்கள் ஏற்றம் எது என்று பார்த்து வாங்குங்கள். ரிம்முக்கு ஏற்ற அளவுக்குள், மட்கார்டில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும்படி, ஒரு அளவு அகலமானதைப் போடலாம். பின் சக்கரம் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று தேய்ந்தது என்றால் சுற்றளவு வேறாகி, நேர் ரோட்டிலும் டிஃபரன்ஷியல் வேலை செய்துகொண்டே இருக்கும்.

11. கண்ட்ரோலர், டிஃபரன்ஷியல்

கண்ட்ரோலரில் மெதுவாகத் தொடங்கும் அமைப்பு இருந்தால் போடச் சொல்லுங்கள். ஆம்பியரைக் கூட்டச் சொல்லாதீர்கள். வழுக்கும் சக்கரத்துக்கு ஆம்பியர் உதவாது, மோட்டாரும் வயரும்தான் சுடும்.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் மறு சக்கரத்துக்கு விசை போகும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பல பேட்டரி வண்டிகளில் பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் நின்றுவிடும்படி சுவிட்ச் வைத்திருக்கிறார்கள், உங்கள் வண்டியில் எப்படி என்று சமதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த சுவிட்சைப் பிடுங்கிவிட வேண்டாம், ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் உயிர் காப்பது அதுதான்.

டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்து இறுக்கிவிடலாம் என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். மணலில் பிரமாதமாக ஏறும். தார் ரோட்டில் திரும்பும்போது இரண்டு பின் சக்கரமும் ஒரே அளவு சுற்றியாக வேண்டியிருப்பதால் முன் சக்கரம் திருப்பினாலும் வண்டி நேரே தள்ளிக்கொண்டு போகும், டயர் தேயும், ஒரு நாள் அச்சுத் தண்டு முறியும். தோட்டத்தை விட்டு வெளியே வராத வண்டிக்குக் கூட நான் செய்யமாட்டேன்.

12. இறங்கும்போதும், ரோட்டுக்கு வரும்போதும்

இறக்கத்தில் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடும், பின் சக்கரம் லேசாகி பிரேக் பிடித்தால் பூட்டிக்கொண்டு வழுக்கும். இறங்கத் தொடங்கும் முன்னரே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டுத் தொடுங்கள், திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்காதீர்கள். மோட்டாரே பிரேக் போடும் வசதி உள்ள வண்டியில் அதை நம்பி இறங்க வேண்டாம், அது பின் சக்கரத்தில் மட்டும்தான் பிடிக்கும், பேட்டரி நிறைந்திருந்தால் பிடிக்காமலும் போகலாம்.

சரளை முடிந்து தார் தொடங்கும் இடத்தில் நிறுத்தி மூன்று சக்கரத்துக்கும் பழையபடி காற்று அடியுங்கள். 24 பவுண்டோடு ரோட்டில் ஓடினால் டயர் சூடேறிப் பக்கவாட்டில் வெடிக்கலாம், வளைவில் வண்டி ஊசலாடும். காற்று அடிக்கும் நேரத்தில் கூட வந்தவரை டிரம் பக்கமும் மோட்டார் வயர் பக்கமும் மணலைத் தட்டிவிடச் சொல்லுங்கள், பெயிண்ட் கோடு நேராக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.